பழைய எம்பிஎஃப்ஐ காரில் ஸ்லோ நிற்கவில்லையா? பாகம் மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை, வரிசைப்படி

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போட்டிருந்தால் பத்து, பதினைந்து நிமிடம் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் பழகிய விஷயம். 2024 ஆகஸ்டில் அப்படி நின்றிருந்தபோதுதான் என் 2009 மாடல் வேகன் ஆர் முதல் முறையாக ஏறி இறங்க ஆரம்பித்தது. காலை ஆக்சிலரேட்டரில் வைக்கவே இல்லை. இன்ஜின் தானாக உறுமும், தணியும், மறுபடி உறுமும். கால் வைக்காதபோது இன்ஜின் சீராக ஓட வேண்டிய வேகத்தைத்தான் ஸ்லோ (ஐடிலிங்) என்கிறோம், அது நிற்கவில்லை. ஏசி போட்டதும் ஒரு குலுக்கு குலுக்கி ஆஃப் ஆகிவிட்டது. பின்னால் நின்ற கன்டெய்னர் லாரி ஹாரன் அடிக்க, கேட் திறந்த பிறகும் நான் சாவியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

அக்டோபரில் ஆர்.சி.க்குப் பதினைந்து வருடம் முடிகிறது. புகை சான்று வேண்டும், வண்டியை ஆர்.டி.ஓ.வில் காட்ட வேண்டும். அந்த இரண்டு மாதத்தில் மூன்று ஒர்க்‌ஷாப் ஏறி, 11,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்தேன். கடைசியில் பிடிபட்ட கோளாறு, விரல் நீள ரப்பர் ஹோஸ் ஒன்றில் இருந்த வெடிப்பு. அதன் விலை 120 ரூபாய். நான் எந்த வரிசையில் பார்த்திருக்க வேண்டுமோ, அந்த வரிசையில் இதை எழுதுகிறேன்.

ஆல்டோ, ஜென், எஸ்டீம், வேகன் ஆர், சான்ட்ரோ என்று ஆக்சிலரேட்டர் கேபிள் நேராக த்ராட்டில் பாடிக்கு (இன்ஜினுக்குள் காற்று போகும் வாய்) போகும் பழைய எம்பிஎஃப்ஐ வண்டிகளுக்கு, அதாவது கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் கணக்கில் பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டிகளுக்கு, இது பொருந்தும். கேபிள் இல்லாமல் மோட்டார் வைத்த த்ராட்டில் என்றால் 5, 6 படிகளை நீங்களே செய்ய வேண்டாம். கேஸ் கிட் போட்ட வண்டியானால், கேஸில் ஓட்டும்போது மட்டும் வருகிறதா, பெட்ரோலிலும் வருகிறதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். கேஸில் மட்டும் என்றால் கிட் போட்டவரிடம் போங்கள்.

1. பானெட்டைத் திறக்கும் முன் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள்

பழைய வண்டியில் ஸ்லோ பிரச்சினை என்பது ஓட்டும் சிரமத்தோடு நிற்பதில்லை. பெட்ரோல் காருக்குப் புகை சோதனை ஐடிலிங்கில்தான் நடக்கிறது. பாரத் ஸ்டேஜ் புகை விதிகளில் பிஎஸ்-2, பிஎஸ்-3 வண்டிகளுக்கு கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்துக்குள்ளும், ஹைட்ரோகார்பன் 750 பிபிஎம்முக்குள்ளும் இருக்க வேண்டும். ஸ்லோ நிற்காத வண்டியில் இந்த அளவு நிலையாக வராது. எனக்கு இரண்டு முறை சான்று கிடைக்கவில்லை.

பதினைந்து வருட ஆர்.சி. முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். படிவம் 25, அசல் ஆர்.சி., நடப்பு இன்ஷூரன்ஸ், நடப்பு புகை சான்று, அடையாள, முகவரிச் சான்றுகள் தேவை. 2024-இல் நான் புதுப்பித்தபோது, பதினைந்து வருடம் முடிந்த காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். பசுமை வரி தனி. தேதி தவறினால் காருக்கு மாதம் 500 ரூபாய் கூடுதல். புதுப்பித்தால் ஐந்து வருடம் செல்லும். பரிவாகன் என்ற அரசு வாகனப் பதிவுத் தளத்தில் ஓடிபி வரும் செல்போன் எண் இன்னும் உங்களிடம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். என் ஆர்.சி.யில் இருந்தது எப்போதோ தூக்கிப்போட்ட சிம். அதை மாற்றவே நான்கு நாள் போனது.

ஆகவே தேதிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே வண்டி வேலையைத் தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பார்ப்பவர் என்றால் மூன்று ஞாயிறு ஒதுக்குங்கள்.

2. என்ன செய்கிறது என்று எழுதுங்கள்

"ஸ்லோ நிக்கல" என்று மட்டும் சொன்னால் மெக்கானிக் தனக்குப் பழகிய பாகத்தைத்தான் மாற்றுவார். ஒரு வாரம் கவனித்து, எப்போது எப்படி வருகிறது என்று எழுதிக்கொண்டு போங்கள்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் ஆஃப் ஆகி, சூடானதும் சரியாகிவிட்டால் ஐஏசி வால்வு (ஸ்லோவில் போகும் காற்றைக் கட்டுப்படுத்துவது) அல்லது கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் மீது சந்தேகம் வைக்கலாம். ஏறி ஏறி இறங்கினால் முதலில் காற்று ஒழுகலைத் தேடுங்கள். எப்போதும் உயர்ந்தே நின்றால் அதே ஒழுகலோடு, இழுத்துக் கட்டிய ஆக்சிலரேட்டர் கேபிள், திறந்தே நின்றுவிட்ட தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) இவற்றையும் பாருங்கள். இன்ஜின் சூடாகவில்லை என்று இசியூ (இன்ஜினின் கம்ப்யூட்டர்) நினைத்துக்கொண்டிருந்தால் ஸ்லோவை ஏற்றியே வைத்திருக்கும். தாழ்ந்து நின்று ஏசி போட்டதும் அணைந்தால் அழுக்கேறிய த்ராட்டில் பாடி, ஐஏசி. ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) ஓரளவு நிலையாக இருந்து வண்டி மட்டும் 'டக் டக்' என்று குலுங்கினால் மிஸ்ஸிங், அதாவது ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை, பிளக், காயில் பக்கம் பாருங்கள். மிஸ்ஸிங்கே இல்லாமல் கியர் லீவர் மட்டும் ஆடினால் இன்ஜின் மவுன்டிங்கைப் பாருங்கள்.

சரியான ஐடில் வேகம் எவ்வளவு என்பது பல வண்டிகளில் பானெட்டின் அடியில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். என் மீட்டரில் ஆர்பிஎம் முள் கிடையாது. செல்போனில் சத்தத்தை ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வைத்தேன். கடைக்குப் போகும்போது மட்டும் வண்டி ஒழுங்காக நிற்கும் என்பது அனுபவப்பட்ட எல்லோருக்கும் தெரியும், அப்போது அந்த வீடியோதான் பேசும்.

3. பைசா செலவில்லாத சோதனை

பேட்டரி முனைகளில் வெள்ளைப் பூப்பு இருந்தால் வெந்நீர் ஊற்றித் தேய்த்து, காய்ந்ததும் இறுக்குங்கள். இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரையும் கழற்றிச் சுரண்டி மாட்டுங்கள். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டி நிறுத்தும் வண்டிகளில் உப்புக் காற்று கனெக்டர் பின்களில் பச்சைக் களிம்பு ஏற்றிவிடும். சென்சார் கெட்டுவிட்டது என்று காட்டும் கோளாறு, சில சமயம் அந்தக் களிம்பைத் துடைத்ததும் போய்விடும்.

ஏர் ஃபில்டரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் தினமும் லாரிப் புழுதிக்கு நடுவே ஓட்டினால் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வரை அது தாங்காது. ஃபில்டர் பெட்டிக்குள் எலி சேர்த்த பஞ்சு, தேங்காய் நார் கிடக்கிறதா என்றும் பாருங்கள். எலி வந்திருந்தால் ஒயரையும் ஹோஸையும் கடித்திருக்கும்.

4. கணக்கில் வராத காற்று

ஐடிலிங்கில் த்ராட்டில் தட்டு கிட்டத்தட்ட மூடியிருக்கும். எவ்வளவு காற்று உள்ளே போகலாம் என்பதை ஐஏசி வால்வைத் திறந்து மூடி இசியூ தீர்மானிக்கிறது. வேறு ஏதாவது ஓட்டை வழியாகக் காற்று நுழைந்தால் அந்தப் பிடி போய்விடும். என் வண்டியைப் போல மேப் சென்சார் (காற்று சிலிண்டர்களுக்குப் பிரியும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளப்பது) உள்ளவற்றில், திருட்டு வழியில் வந்த காற்றையும் மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்து இசியூ கணக்கிட்டு, அதற்கும் பெட்ரோல் கொடுத்துவிடும். ஆர்பிஎம் ஏறும். ஆக்சிலரேட்டரில் கால் இல்லை, ஆனால் வேகம் ஏறுகிறது என்றால், வண்டி சரிவில் இறங்குகிறது என்று எடுத்துக்கொண்டு பெட்ரோலை நிறுத்தும். ஆர்பிஎம் விழும். விழுந்ததும் மறுபடி பெட்ரோல் கொடுக்கும். அந்த 'வூம்... வூம்' சத்தம் பல வண்டிகளில் இப்படித்தான் வருகிறது. இது புரிந்திருந்தால் முதல் கடையில் ஐஏசி வால்வை மாற்ற நான் சம்மதித்திருக்க மாட்டேன்.

தேடும் முறை இது. இன்ஜினை ஓடவிட்டு, ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் கை, துண்டு, சட்டை நுனி எதுவும் படாமல் விலகி நின்று, இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு ரப்பர் ஹோஸாகப் பாருங்கள். பிரேக் மிதியை லேசாக்கும் பிரேக் பூஸ்டருக்குப் போவது, இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்விலிருந்து வருவது, மேப் சென்சாருக்குப் போவது, பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கேனிஸ்டருக்குப் போவது, இந்த நான்கும் முக்கியம். இரண்டடி நீள தோட்டத்து ஹோஸ் துண்டு ஒன்றின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இணைப்புகளின் அருகே கொண்டுபோனால் 'ஸ்ஸ்' என்று உறிஞ்சும் சத்தம் தெளிவாகக் கேட்கும். அடுத்து, துணி சுற்றிய பிளையரால் ஒவ்வொரு ஹோஸையும் மெதுவாக நசுக்குங்கள். எதை நசுக்கும்போது ஏற்ற இறக்கம் நிற்கிறதோ, ஒழுகல் அதில் அல்லது அது போய்ச் சேரும் இடத்தில். மேனிஃபோல்டு கேஸ்கெட் மீது சந்தேகம் இருந்தால் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீரைப் பனிபோல அடியுங்கள். இன்ஜின் சத்தம் ஒரு நொடி மாறினால் அந்த இடம்தான். சில மெக்கானிக்குகள் இதற்குப் பெட்ரோலோ கார்புரேட்டர் ஸ்பிரேயோ அடிப்பார்கள். சூடான சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் அது தீப்பிடிக்கும், அனுமதிக்காதீர்கள். தண்ணீரையும் காயில், கனெக்டர் மீது அடிக்க வேண்டாம்.

பிரேக் பூஸ்டருக்குத் தனிச் சோதனை உண்டு. இன்ஜினை நிறுத்திவிட்டு பெடலை நான்கைந்து முறை அழுத்துங்கள், கல்லுபோல ஆகும். அப்படியே மிதித்தபடி ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் ஸ்லோவை மறந்துவிட்டு அதை உடனே சரிசெய்யுங்கள்.

தண்டையார்பேட்டையில் ஒரு வயதான மெக்கானிக்தான் என் வண்டியில் ஒழுகலைக் கண்டுபிடித்தார். மூன்றாவது கடை. "தம்பி, மேல பாத்தா எல்லா ஹோஸும் நல்லாதான் இருக்கும், அடியில பாரு" என்று சொல்லி, பிசிவி வால்விலிருந்து வரும் வளைந்த ரப்பரை விரலால் தூக்கினார். அதன் அடிவயிற்றில், வளைவின் உட்பக்கம், எண்ணெயில் ஊறிக் கொழகொழவென்று உப்பிய ரப்பரில், நகக்கீறல் அளவுக்கு ஒரு வெடிப்பு. இன்ஜின் நின்றிருக்கும்போது மூடியே இருந்தது. ஓடும்போது வாய் பிளந்து காற்றை இழுத்தது. அவர் அதன்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார், இன்ஜின் அப்படியே அடங்கிச் சீராக நின்றது. விரலை எடுத்தார், மறுபடி 'வூம்'. ஒன்றரை மாத அலைச்சலுக்குப் பதில் அந்த ஒரு விரலில் கிடைத்தது. கை போகாத இடத்துக்கு செல்போன் கேமராவை டார்ச் போட்டு நுழைத்துப் படம் எடுங்கள், ஒவ்வொரு ஹோஸுக்கும் அடிப்பக்கத்தைப் பாருங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஹோஸ் கழற்றியிருக்கும்போதே பிசிவி வால்வையும் எடுத்துக் குலுக்குங்கள். உள்ளே 'கடகட' சத்தம் வர வேண்டும்.

5. த்ராட்டில் பாடி சுத்தம்

ஒழுகல் இல்லை என்று உறுதியானால், அல்லது அதை அடைத்த பிறகும் ஸ்லோ தாழ்வாக இருந்தால், இது அடுத்த வேலை. ஒரு மணி நேரம் போதும். த்ராட்டில் கிளீனர் ஸ்பிரே எனக்கு 320 ரூபாய் ஆனது. ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால் 500 முதல் 800 வரை கேட்டார்கள்.

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், பேட்டரி நெகட்டிவ் கழற்றியிருக்க வேண்டும். ஏர் டியூப்பை எடுத்துவிட்டு, தட்டைக் கையால் திறந்து, அதன் விளிம்பிலும் பின்பக்கத்திலும் படிந்திருக்கும் கருப்பு மைப் பசையை, ஸ்பிரே அடித்த துணியாலும் பழைய டூத் பிரஷ்ஷாலும் துடையுங்கள். கத்தி, ஸ்க்ரூ டிரைவர், உப்புத்தாள் கூடவே கூடாது. ஸ்பிரேயை நேராக உள்ளே பீய்ச்சாதீர்கள், சென்சாருக்குள் இறங்கும்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. த்ராட்டில் தட்டு வந்து முட்டும் இடத்தில் பெயின்ட் வைத்த சின்ன ஸ்க்ரூ ஒன்று தெரியும். கார்புரேட்டர் வண்டியில் பழகிய கைகள் அதைத் திருகி 'ஸ்லோ ஏத்தி' விடும். அந்த நிமிடம் வண்டி நிற்கும், நமக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் தட்டு மூடியிருக்கிறதா என்பதை இசியூ அறிந்துகொள்ளும் அடிப்படையே கலைந்துபோகும், பிறகு எந்தக் கோளாறையும் கண்டுபிடிப்பது கடினம். என் வண்டியில் இரண்டாவது கடையில் அதைத் திருகியிருந்தார்கள். பழைய நிலைக்குக் கொண்டுவர ஸ்கேனர் வைத்து ஒரு மதியம் பிடித்தது. "அந்த ஸ்க்ரூவைத் தொடாதீங்க" என்று வண்டியை விடும்போதே சொல்லிவிடுங்கள்.

6. ஐஏசி வால்வு

த்ராட்டில் பாடியோடு ஒட்டி, இரண்டு மூன்று ஸ்க்ரூவில் நிற்கும். கழற்றினால் கூம்பு முனையில் கரி இருக்கும். முனையைக் கீழ்நோக்கிப் பிடித்து ஸ்பிரே அடித்துத் துடையுங்கள். விரலால் முனையை அழுத்தியோ இழுத்தோ பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் நுண்ணிய மரை போய்விடும். ஓ-ரிங் தட்டையாகியிருந்தால் புதிது போடுங்கள், இல்லாவிட்டால் அதுவே புது ஒழுகலாகும்.

மாட்டி, பேட்டரி கொடுத்த பின் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை விடுங்கள். பிறகு ஏசி போட்டு ஐந்து நிமிடம். ஸ்லோவை இசியூ மறுபடி கற்றுக்கொள்ள இது வேண்டும். இதைச் செய்யாமல் சாலையில் இறக்கி, "சரியாகவில்லை" என்று புது வால்வு வாங்கியவர்கள் உண்டு. எனக்கு முதல் கடையில் தலையில் கட்டிய வால்வுக்குக் கூலியோடு 4,800 ரூபாய். பழைய வால்வை நான் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். ஹோஸ் மாற்றிய பிறகு அதையே சுத்தம் செய்து போட்டுப் பார்த்தோம், நன்றாகவே வேலை செய்தது.

7. பிளக், கேபிள், காயில்

பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள். பழுப்பு நிறம் நல்லது. கருப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம் எரிகிறது. எண்ணெய் ஈரம் என்றால் இன்ஜின் வேலை வரப்போகிறது. நான்கில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் அந்த சிலிண்டரில்தான் மிஸ்ஸிங். இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஓடும் இன்ஜினைப் பார்த்தால், உறை வெடித்த கேபிளில் நீலப் பொறி தெரியும். நான்கு பிளக் 600 ரூபாய்க்குள் முடிந்தது.

8. சென்சாரும் ஸ்கேனரும்

ஆன்லைனில் மலிவாக வரும் புளூடூத் ஓபிடி கருவியை (இசியூவில் பதிவான கோளாறைப் படிப்பது) நம்பி 2010-க்கு முந்தைய வண்டிக்குப் பணம் போடாதீர்கள். ஓபிடி இங்கே பிஎஸ்-4 வண்டிகளோடுதான் கட்டாயமானது. முந்தைய வண்டிகளில் அதே வடிவ சாக்கெட் இருந்தாலும் கம்பெனியின் சொந்த மொழியில் பேசும், சாதாரணக் கருவி இணையாது. பல கம்பெனி வண்டிகளுக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் கடையில் 300 முதல் 500 ரூபாய்க்குப் பார்த்துக் கொடுத்தார்கள்.

ஸ்கேனரில் ஒரு சென்சாரின் கோளாறு எண் (கோடு) வந்ததும் அந்த சென்சாரை மாற்றிவிடாதீர்கள். கூலன்ட் சென்சாரை மல்டிமீட்டரால் நீங்களே சோதிக்கலாம். பல வண்டிகளில் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் காட்டும். நம் ஊர் காலை வெயிலில் 2 கிலோ ஓமுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். சூடாக ஆக இறங்கவில்லை என்றால்தான் சென்சார் கெட்டது.

9. பெட்ரோல் பம்ப் கடைசியில்

ஸ்லோவில் மட்டும் தகராறு, நெடுஞ்சாலையில் இழுவை நன்றாக இருக்கிறது என்றால் பம்ப்பைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. எனக்கு 7,000 ரூபாய்க்குப் பம்ப் மாற்றச் சொன்னார்கள், பிரஷர் கேஜ் வைத்துக் காட்டுங்கள் என்று கேட்டதும் பேச்சு நின்றது. ஆனால் பெட்ரோல் ஹோஸ்களை மட்டும் எல்லோரும் பாருங்கள். இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய வண்டியின் ரப்பர் அதற்காகச் செய்ததல்ல. பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாசனை அடித்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

10. எங்கே வாங்குவது

ஹோஸ், ஓ-ரிங், பிளக், சென்சார் எல்லாம் புதிதாகத்தான் வாங்க வேண்டும், அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. ரோட்டில் கிடைக்கும். பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப் போங்கள், மாடல் வருடம் சொன்னால் மட்டும் போதாது, அதில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து எடுக்கட்டும். த்ராட்டில் பாடி முழுதாக வேண்டுமென்றால் புதுப்பேட்டையில் கழற்றிய பாகம் பாதி விலைக்குள் வரும், ஆனால் பொருந்தாவிட்டால் திருப்பி எடுக்கும் பேச்சைப் பணம் கொடுக்கும் முன் பேசுங்கள். டூப்ளிகேட் ஐஏசி வால்வு மட்டும் வேண்டவே வேண்டாம்.

எந்தக் கடையானாலும் மாற்றிய பாகங்களைத் திருப்பி வாங்குங்கள். பில்லில் பாகத்தின் பெயர், எண், கூலி மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும்.

11. புகை சோதனைக்குப் போகும் நாள்

காலையில் குளிர்ந்த வண்டியோடு நேராகப் போய் நிற்காதீர்கள். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடானால்தான் வேலை செய்யும். நான் தண்டையார்பேட்டையிலிருந்து மணலி வரை போய்த் திரும்பி, இன்ஜினை அணைக்காமல் சோதனைக்கு விட்டேன். ஏசி, விளக்கு எல்லாம் ஆஃப். சைலன்சர் இணைப்பில் ஓட்டை இருந்தால் அளவு தப்பும், முந்தின நாளே அடைத்துவிடுங்கள். நம்பர் பிளேட் துடைத்திருக்கட்டும், படம் எடுப்பார்கள். சான்றில் வண்டி எண்ணும் எரிபொருளும் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே படியுங்கள்.

ஆர்.டி.ஓ.வில் பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) பார்க்கும் நாளில் வண்டி வரிசையில் வெகு நேரம் ஓடிக்கொண்டே நிற்க வேண்டியிருக்கும். எனக்கு முன்னால் பதினொரு வண்டி. ஏசியோடு நாற்பது நிமிடம் நின்றேன், ஒருமுறைகூட ஆஃப் ஆகவில்லை. பிஎஸ்-3 வண்டிக்குப் புகை சான்று ஆறு மாதம்தான் செல்லும். அதைப் புதுப்பிக்கப் போவதற்கு முந்தின ஞாயிறு, டார்ச் எடுத்து அந்த ஹோஸ்களின் அடிப்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.